குடலிறக்கத்துக்காக வேலைக்குச் சேர்ந்த முதலாளி

என்றும் என் மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டிய சோபாப் பட்டறைக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அடிவயிற்றில் போட்ட தையல்கள் நீங்கலாக இங்கு நாங்கள் இருவரும் சுகம். அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், தங்கள் ரத்த அழுத்தம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். மல்லாந்து படுத்தபடி, நெஞ்சின்மேல் தலையணையும் தலையணைமேல் பரீட்சை அட்டையும் வைத்து எழுதுகிறேன். வரிகள் கோணலாகப் போனால் அட்டையைக் குறை சொல்லவும், எழுதுகிறவனைச் சொல்ல வேண்டாம். அவன் இப்போது வெற்றி பெற்ற மனிதன்.

சென்ற முறை தாங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் கையால் தைத்த நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு, காலை ஆட்டிக்கொண்டே சொன்ன வார்த்தை தங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "மாப்ளே, இன்சூரன்ஸ் எல்லாம் படிச்சுப் புரிஞ்சுக்கிற விஷயம் இல்ல. உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு? ஏஜென்ட் என்ன சொல்றாரோ அதைக் கேட்டுக்கிட்டுப் போங்க" என்றீர்கள். தங்கள் ஆபீஸில் தலைவலி வந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும், பல்வலி வந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று அதன்பின் அரை மணி நேரம் பேசினீர்கள். உங்கள் தங்கை இடையிடையே "ஆமாண்ணா, ஆமாண்ணா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் சிரித்த முகமாக டீயை நீட்டினேன், ஆனால் உள்ளுக்குள் ஒரு சபதம் செய்துவிட்டேன். ஏஜென்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு போன்கூடப் போடாமல், இந்த இன்சூரன்ஸ் சமாசாரத்தை என் சொந்த மூளையால் கரைத்துக் குடித்துக் காட்டுவது என்று. காட்டிவிட்டேன் மச்சான். ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரிக்கு என் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல், சொந்தக் கட்டிலில் படுத்திருக்கிறேன். எப்படி என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

ஆரம்பம் ஒரு மூன்று பேர் உட்காரும் சோபா. மாடி வீட்டுக்குப் போக வேண்டியது. பட்டறையில் நாலு பேர் அதைத் தூக்குவதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நின்றார்கள். எனக்கு வேலை நடக்கும்போது யோசனை பிடிக்காது. "தள்ளுங்கய்யா, இதைத் தூக்கத் தெரியாம என்ன ஆம்பளைங்க நீங்க" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு முனையைத் தூக்கிக் காட்டினேன். சோபா எழும்பியது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதோடு என் வயிற்றுக்குள்ளிருந்தும் ஏதோ ஒன்று எழும்பி, இடுப்புக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை காலம் என்னிடம் மேஸ்திரியாக இருக்கும் மனிதர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதலாளி, அது குடலிறக்கம். எனக்குப் போன வருஷம் வந்துச்சே, அதேதான். கீழ வைங்க." சோபாவைக் கீழே வைத்தேன். எலுமிச்சம்பழம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் தலைபோகிற அவசரம் இல்லை, பெல்ட் போட்டுக்கொண்டு கனம் தூக்காமல் இருந்தால் சில மாதம் தள்ளலாம், வலி திடீரென்று கூடினால் மட்டும் ஓடி வர வேண்டும் என்றார். அந்த "கனம் தூக்காமல்" என்பதை உங்கள் தங்கை டாக்டரை விட்டு இரண்டு முறை சொல்லவைத்தாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "என்கிட்ட பாலிசி இருக்கு டாக்டர்" என்றேன். தங்களுக்குத் தெரியுமே, விளம்பரத்தில் ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு பட்டம் விடுவதைப் பார்த்துப் போன வருஷம் நானே எடுத்தது. தனிநபர் காப்பீடு.

ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல மரியாதையான பெண், ஆனால் பேசியதெல்லாம் இடி. "சார், உங்க பாலிசியில குடலிறக்கத்துக்கு ரெண்டு வருஷம் காத்திருப்புக் காலம் இருக்கு. நீங்க எடுத்து ஒரு வருஷம்தான் ஆகுது." நான் சொன்னேன், "அம்மா, நான் காத்திருக்கத் தயார். இது காத்திருக்குமான்னு இதைக் கேளு." அவள் சிரிக்கவில்லை. கண்புரை, மூட்டுத் தேய்மானம், சிறுநீரகக் கல், குடலிறக்கம் என்று ஒரு கூட்டத்தையே அந்தக் கம்பெனி வாசலில் நிறுத்திவைத்திருக்கிறதாம். வேறு ஏதாவது வந்திருந்தால் பரவாயில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தாள். காய்ச்சலாக வந்திருக்கலாம், காலை உடைத்துக்கொண்டிருக்கலாம், எனக்குத்தான் பொறுக்கி எடுக்கத் தெரியவில்லை. கைக்காசில் செய்வதானால் பட்டறையிலிருக்கும் இரண்டு நல்ல தையல் மெஷினையும் விற்க வேண்டும். மெஷினை விற்றுவிட்டு வயிற்றைத் தைத்துக்கொண்டு வந்தால், அப்புறம் சோபாவை எதனால் தைப்பது? அன்று வீட்டுக்கு வரும் வழியில் உங்கள் தங்கைதான், "அண்ணாவைக் கேக்கலாமா?" என்றாள். அதற்கு நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

மறுநாள் மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதில்தான் என் கண் திறந்தது. "எனக்கு ஒரு கேள்வியும் கேக்கலையே முதலாளி. அட்டையைக் காட்டினேன், படுக்கச் சொன்னாங்க, அறுத்தாங்க, அனுப்பிட்டாங்க. ஜன்னல் வச்ச ரூம் வேற." எனக்கு வயிறு எரிந்தது, ஏற்கெனவே இருந்த தொந்தரவு போதாதென்று. அவருக்கு எப்படிக் கிடைத்தது? பட்டறை ஆட்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழுக் காப்பீடு இருக்கிறது. பிரீமியம் கட்டுகிறவன் நான். ஒருவன் கட்டைவிரலில் ஸ்டேப்ளர் ஊசி அடித்துக்கொண்ட சமயத்தில் உங்கள் தங்கை என்னை நச்சரித்து எடுக்கவைத்தது. எடுத்தபோது ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேனே ஒழிய, அதில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. ஆக, நான் காசு கட்டி என் மேஸ்திரிக்குக் குடலிறக்கத்தைச் சரிசெய்திருக்கிறேன், எனக்குச் செய்துகொள்ள வழியில்லை.

அன்று மாலையே அந்தப் பாலிசியை வெளியே எடுத்தோம். எழுத்து எறும்பு ஊர்வதுபோல் பொடிப்பொடியாக இருக்கும், எனக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. உங்கள் தங்கை சத்தமாகப் படித்தாள், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடந்தேன். "நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளர்கள் அனைவருக்கும், சேர்க்கப்பட்ட நாள் முதலே, முன்பே இருக்கும் நோய்கள் உட்பட, காத்திருப்புக் காலம் ஏதுமின்றி" என்று அவள் படித்தாளோ இல்லையோ, எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. நிறுத்து என்று கையைக் காட்டினேன். விஷயம் இவ்வளவுதான் மச்சான், தாங்களும் தெரிந்துகொள்ளுங்கள். தனிநபர் பாலிசிக்காரன் தக்காளி வாங்குகிறவன் மாதிரி, ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்ப்பான். குழுப் பாலிசிக்காரன் கூடையோடு வாங்குகிறவன், நடுவில் அமுங்கினது ஒன்றிரண்டு இருந்தாலும் போகட்டும் என்று விட்டுவிடுவான். நான் அமுங்கின தக்காளி. எனக்கு வேண்டியது கூடை. கூடையில் ஏற ஒரே வழிதான், நான் தொழிலாளி ஆக வேண்டும். நான் தொழிலாளி என்றால் முதலாளி யார்? உங்கள் தங்கையைப் பார்த்தேன். அவள் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாத. நாளைக்கே ஆடிட்டர்கிட்டப் போறோம். பட்டறையை உன் பேருக்கு மாத்துறேன்" என்றேன். அவள் பாலிசியை மடித்து உறைக்குள் வைத்தாள். அப்புறம், "சரிங்க" என்றாள். அவள் எனக்கு இப்படி மறுபேச்சில்லாமல் சரி சொன்னது அன்றுதான்.

ஆடிட்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சார், நல்லா யோசிச்சிட்டீங்களா?" என்றார். படிக்காத மனிதர்கள் யோசிக்கும்போது படித்தவர்களுக்கு அப்படித்தான் சந்தேகம் வரும். கையெழுத்துப் போட்டேன். உங்கள் தங்கை ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போட்டாள், அதற்கே அரை நாள் போய்விட்டது. வெளியே வந்ததும் "அப்ப நாளையிலிருந்து நான் வேலைக்கு வரேன், என் பேரை இன்சூரன்ஸுல சேர்த்துடு" என்றேன். "எப்படிங்க சேர்க்கிறது? புது ஆளு மூணு மாசம் வேலை பார்த்து, திருப்தியா இருந்தாத்தானே நிரந்தரம்? நிரந்தரமானாத்தானே பாலிசி? நீங்க போட்ட சட்டம்தானே" என்றாள். நான்தான் போட்டேன். புது ஆட்கள் ஒரு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள், அவர்களுக்கும் எதற்குப் பிரீமியம் அழ வேண்டும் என்று போட்ட சட்டம். "எனக்குமா அது?" என்று கேட்டேன். "உங்களுக்குன்னு தனிச் சட்டம் போட்டா, நாளைக்கு இன்சூரன்ஸ்காரங்க வந்து, இது பொய் வேலைன்னு சொல்லிட மாட்டாங்களா?" என்றாள். நியாயம்தான். பொய் சொல்லி வாங்குவது எனக்கும் பிடிக்காது. சொன்னால் சொன்னபடி நிஜமாகவே வேலை பார்ப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் நாள் எனக்கு வந்த முதல் சங்கடம், மேஸ்திரிக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முதலாளி என்று கூப்பிட முடியாது, முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பேர் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தலையைச் சொறிந்து, கடைசியில் "பெரியவரே" என்று ஆரம்பித்தார். அன்றிலிருந்து பட்டறை முழுக்க எனக்கு அதுவே பேராகிவிட்டது. கனம் தூக்கக் கூடாதென்பதால் குஷன் உறைக்கு ஜிப் தைக்கும் வேலை கொடுத்தார்கள். இத்தனை வருஷம் ஜிப்பைத் தடவிப் பார்த்து "என்னய்யா இது, பாம்பு மாதிரி வளையுது" என்று கத்தியவன் நான். நான் தைத்த முதல் ஜிப்பை மேஸ்திரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டினார். பிறகு "பெரியவரே, பிரிச்சுட்டுத் திருப்பித் தைச்சிடுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் அந்த விதிப்பலகை. வாசலுக்கு உள்ளே மாட்டியிருக்கிறதே, தாங்கள்கூடப் பார்த்துவிட்டு "ஜெயில்ல இருக்கிற மாதிரி இருக்கு மாப்ளே" என்று சிரித்தீர்கள். காலையில் நேரம் தவறினால் அரை நாள் கூலி போச்சு. டீ ஒரு தடவைதான். வேலை நேரத்தில் பாட்டு கூடாது, போனை டப்பாவில் போட்டுவிட வேண்டும். எல்லாம் என் கைவண்ணம். இரண்டாம் நாளே எனக்கு அரை நாள் கூலி போனது. வீட்டிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம், நான் செருப்பைத் தேடும் நேரத்தில் அவள் போய்விட்டாள். "ஒரே வீட்டிலிருந்து வர்றவனுக்கா அரை நாள்?" என்று கேட்டேன். "எந்த வீட்டிலிருந்து வர்றீங்கன்னு பலகையில ஒண்ணும் எழுதலையே" என்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அந்த ஃபோம் வெட்டுகிற மேஜைப் பக்கம் நின்றிருக்கிறீர்களா? காற்றே வராது, தூள் மூக்கில் ஏறும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு டீ கிடைத்தால் உயிர் வரும். கிடைக்காது. எந்த அற்ப மனுஷன் இந்த விதியை எழுதினான் என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். பட்டறை மொத்தமும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

அங்கேதான் மச்சான், எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த தலைவன் விழித்தான். எல்லாரையும் கூட்டினேன். கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்காவிட்டால் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று பேசினேன். மேஸ்திரி தயங்கினார். "இதையெல்லாம் நாங்க முன்னாடியே கேட்டோம் பெரியவரே, அப்ப இருந்த முதலாளி கத்தினாரு" என்றார். "அந்தாள் போயிட்டான், இப்ப கேளுங்க" என்றேன். நானே முன்னால் போய்க் கண்ணாடித் தடுப்பைத் தட்டினேன். இரண்டாவது டீ, ஃபோம் மேஜைக்கு மேலே ஒரு மின்விசிறி, தாமதத்துக்கு அரை நாளுக்குப் பதில் தாமதமான நேரத்துக்கு மட்டும் பிடித்தம். மூன்று கோரிக்கை. உங்கள் தங்கை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ரெண்டாவது டீ குடுத்தா வேலை கெட்டுப்போகும்னு முன்னாடி இருந்தவர் சொல்வாரே" என்றாள். "அவருக்கு என்ன தெரியும், அவர் ஏசி ரூம்ல உக்காந்திருந்தவர்" என்றேன். என்னையே நான் அப்படிப் பேசியதில் எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தல் இல்லை, அவ்வளவு தாகம். மூன்றையும் ஒப்புக்கொண்டாள். பட்டறையே கை தட்டியது. முதலாளியாக இருந்த காலத்தில் எனக்கு ஒருவரும் கை தட்டியதில்லை. அன்று சாயங்கால டீயை நான் குடித்த மாதிரி வாழ்க்கையில் எதையும் குடித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஃபோம் தூள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படியாக மூன்று மாதமும் ஓடியது. மேஸ்திரி என்னைப் பற்றி முதலாளியிடம் கொடுத்த அறிக்கையை ஒட்டுக் கேட்டேன். "ஆளு நல்லவரு. ஜிப்பு இப்பப் பரவாயில்ல. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். நிரந்தரம் ஆனேன். உங்கள் தங்கை ஏஜென்ட்டிடம் பேசி என் பேரைச் சேர்த்து அட்டையும் வாங்கினாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பாஸானபோதுகூட வராத சந்தோஷம் வந்தது. ஆஸ்பத்திரிக் கண்ணாடி அறைக்குப் போய் அதே பெண்ணின் முன்னால் அட்டையை வைத்தேன். அவள் கம்பியூட்டரைத் தட்டி, என்னைப் பார்த்து, மறுபடி கம்பியூட்டரைப் பார்த்து, "சார், நீங்க... தொழிலாளியா?" என்றாள். "நிரந்தரத் தொழிலாளி" என்றேன்.

அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார்களா? முதலாளியின் விலாசமும் தொழிலாளியின் விலாசமும் ஒன்றாக இருக்கிறதே என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. நிஜமாகவே வேலை பார்க்கிறானா, பாலிசிக்காகச் சொருகின ஆளா என்று நேரில் பார்க்க ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். தோளில் பை, முகத்தில் இவனை இன்றைக்குப் பிடித்துவிடுவது என்ற களை. இவர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் என் மூன்று மாதமும் வீண், மெஷின் இரண்டும் போகும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாங்கள் சிரிப்பீர்கள். அவர் மேஸ்திரியிடம் போய், "இங்க வேலை பார்க்கிறவங்கள்ல முதலாளிக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா?" என்று கேட்டார். மேஸ்திரி என்னைக் காட்டினார். "அவருக்கு நிஜமாவே வேலை தெரியுமா?" என்றார். மேஸ்திரிக்குப் பொய் வராது, அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. "தெரியாதுங்க. கத்துக் குடுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். எனக்கு உயிரே போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடித் தடுப்பிலிருந்து உங்கள் தங்கை வெளியே வந்தாள். அதிகாரி வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. கையில் ஒரு குஷன் உறை. "யார் தைச்சது இது?" என்றாள். நான்தான் தைத்தேன். அதிகாரி முன்னால் இதென்ன சோதனை என்று கண்ணைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. "ஜிப்பை உள்பக்கம் வெளிப்பக்கம் பார்க்காமத் தைச்சிருக்கீங்க. இது நாளைக்குப் போக வேண்டியது. எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? பேச்சைக் குறைச்சுட்டுக் கையைப் பாருங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி ஆறு உறையையும் பிரிச்சுத் தைச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, அதிகாரியையும் மறந்தேன், பாலிசியையும் மறந்தேன். "வெட்டினவன் அளவு தப்பா வெட்டிக் குடுத்தா நான் என்ன பண்றது? எல்லாத்துக்கும் என்னையே சொல்றீங்க. காலையில வந்ததிலிருந்து முதுகு நிமிரலை" என்று கத்தினேன். மேஸ்திரி குறுக்கே வந்து, "பெரியவரே, முதலாளிகிட்ட அப்படிப் பேசாதீங்க" என்று என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பக்கத்து மெஷின்காரர் என் உறைகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "விடுங்க, சேர்ந்து பிரிப்போம்" என்றார்.

அதிகாரி அப்படியே நின்று பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "சம்பளமாவது ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். "வருது. தாமதமா வந்தா பிடிப்பாங்க" என்றேன். "வீட்லயும் இவங்கதானே?" என்றார். தலையாட்டினேன். அந்த மனிதர் முகத்தில் இருந்த களை மாறிப்போனது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் நின்று மேஸ்திரியிடம், "இதுக்கு மேல என்னய்யா அத்தாட்சி வேணும்" என்று சொன்னாராம். மறுநாள் சாயங்காலத்துக்குள் அனுமதி வந்துவிட்டது. அட்டையைக் காட்டினேன், படுக்கச் சொன்னார்கள், அறுத்தார்கள். ஜன்னல் வைத்த அறை. படுக்கையைச் சுற்றிப் பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். மேஸ்திரி, வெட்டுப்பட்ட இடத்தை விரலால் காட்டி, "எனக்கும் சரியா இதே இடம்தான்" என்று பெருமையாக எல்லாருக்கும் சொன்னார். டாக்டர் தையலைக் காட்டியபோது நானும் ஒரு தொழில்காரன் என்ற முறையில் பார்த்தேன். நன்றாகத்தான் தைத்திருக்கிறார், நேராகப் போகிறது. வீட்டுக்கு வரும்போது கண்ணாடி அறைப் பெண் எழுந்து நின்று கை கூப்பினாள். நான் கொடுத்தது ஒரு கையெழுத்து மட்டும்தான்.

ஆகவே மச்சான், இனிமேல் இந்த விஷயத்தில் தங்களுக்கு ஏதாவது புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் என்னைக் கேட்கலாம். இப்போதே ஒன்று சொல்கிறேன். ஆபீஸ் பாலிசி இருக்கிறதென்று தாங்கள் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறீர்களே, அது தாங்கள் அந்த நாற்காலியில் இருக்கிறவரைக்கும்தான். பணி ஓய்வு மாலையைக் கழுத்தில் போடும் அன்றே கூடையிலிருந்து இறக்கி விட்டுவிடுவார்கள். அப்புறம் தனிநபர் பாலிசிக்குப் போய் நின்றால், தங்கள் வயசையும் ரத்த அழுத்தத்தையும் அழுத்திப் பார்த்து, வருஷக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவைத்து, அந்தக் காத்திருப்பை இப்போதே கழித்துவிடுங்கள். எத்தனை படித்தும் தங்களுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். குறையாகச் சொல்லவில்லை.

தையல் பிரித்ததும் ஆடிட்டரிடம் போய்ப் பட்டறையை மறுபடி என் பேருக்கு மாற்றிக்கொள்ளப் போகிறேன். வந்த காரியம் முடிந்தது, இனி எதற்கு வேஷம். ரெண்டாவது டீயைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் குறையாத ஆரோக்கியமும் காத்திருப்புக் காலம் இல்லாத நல்வாழ்வும் வாய்க்க என் ஆசிகளையும் சொல்லவும். தாங்கள் எப்போது வந்தாலும் அந்த நாற்காலி தங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
யார் தயவும் இல்லாமல் தானே படித்து, தானே புரிந்து, தானே ஜெயித்த
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுவது. அவர் குனியக் கூடாதென்று உறையில் போட்டு ஒட்டும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு நான் அந்தப் பாலிசியைப் படித்தபோது அவர் நிறுத்து என்று கையைக் காட்டினாரே, அதற்கு அடுத்த வரியே, "நிறுவனத்தின் உரிமையாளரும் விரும்பினால் இதே சலுகைகளுடன் சேரலாம்" என்பதுதான். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், பேசாதே என்றார். மறுநாள் காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் படுத்தேன். ராத்திரி முழுக்க யோசித்தேன். முதலாளியாகவே போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால், இந்த மனிதர் மூன்றாம் நாளே பட்டறைக்குப் போய் "தள்ளுங்கய்யா" என்று அடுத்த சோபாவைத் தூக்குவார். யார் சொல்லி யார் கேட்பது? எனக்குப் பயமாக இருந்தது அண்ணா. டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், பெல்ட்டோடு மூன்று மாதம் தள்ளலாம், ஆபத்தில்லை என்று அவர் உறுதியாகச் சொன்ன பிறகுதான் ஆடிட்டர் வீட்டுப் படி ஏறினேன். பட்டறை என் பேருக்கு மாறிய விவரம் தெரிந்ததும் ஏஜென்ட் ஒரே வாரத்தில், "சாரை அப்படியே முதலாளியாவே சேர்த்திருக்கலாமே அம்மா" என்று போன் பண்ணினார். சாருக்கு உங்ககிட்டப் பேசறதில்லைன்னு ஒரு சபதம் இருக்கு, அது அப்படியே இருக்கட்டும் என்றேன். இப்போது தொழிலாளிக்குக் கட்டாய மருத்துவ விடுப்பு, இரண்டு மாதம், முதலாளி கையெழுத்தோடு. வாசல் தாண்டினால் சம்பளம் பிடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னபடி படுத்திருக்கிறார், கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத அதிசயம். பட்டறையைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. விசிறி போட்ட பிறகு ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை, ஒரு பெரிய ஹோட்டலுக்கு நாற்காலி முழுக்க நாங்கள்தான் தைக்கிறோம். தையல் பிரிக்கும்வரை நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். பிரித்த பிறகு நீங்களே போன் பண்ணி அந்த அடுத்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், பட்டறையில் வேலை இருக்கும்.